குவார்க் நட்சத்திரத்தை ஆராய ஆய்வுக்கூடம் வேண்டுமா?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் இருந்துகொண்டு, மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகளில் குவார்க் நட்சத்திரங்களின் கட்டமைப்பை ஆராய முடியுமா?

முடியும். குவார்க் நட்சத்திரம் என்பது, நியூத்திரன்களும் உடைந்து அவற்றின் உள்துகள்களான குவார்க்குகளால் ஆனதாகக் கருதப்படும் மிகச் செறிந்த நட்சத்திரம். மாற்று ஈர்ப்பு என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலைத் திருத்திப் பார்ப்பது. நான் மாங்குளத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துதான் செய்தேன். தாளும் ஒரு பழைய மடிக்கணினியும் போதும். நீங்கள் உயர்தரம் முடித்து வளாகத்துக்குப் போகக் காத்திருப்பவர் என்று நினைத்து எழுதுகிறேன்.

பொதுச் சார்பியலில் வேலை எளிது. டோல்மன், ஓப்பன்ஹைமர், வொல்கொவ் ஆகியோர் 1939 இல் தந்த சமன்பாட்டை மையத்திலிருந்து வெளிநோக்கித் தொகையிட்டுக்கொண்டு போனால், அமுக்கம் பூச்சியமாகும் இடம்தான் மேற்பரப்பு. நியூத்திரன் நட்சத்திரத்தின் அடர்த்தி குளத்தங்கரை மாதிரிச் சரிந்து குறையும். குவார்க்குகள் ஒரு பைக்குள் அடைபட்டிருப்பதாகக் கொள்ளும் எம்.ஐ.டி. பை மாதிரியுருவில் குவார்க் நட்சத்திரம் அப்படி இல்லை, கிணற்றுக்கட்டு மாதிரி ஒரேயடியாக முடிந்துவிடும். அந்த விளிம்பிலேயே ஒரு கன சென்ரிமீற்றர் 40 கோடி தொன் இருக்கும். அடர்த்தியிலிருந்து அமுக்கத்தின் மும்மடங்கைக் கழித்தால் உள்ளே எங்கும் ஒரே எண், பை மாறிலியின் (அந்தப் பையின் சக்தி அடர்த்தி) நான்கு மடங்கு. அதனால் காலவெளி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று காட்டும் ரிச்சி வளைவும் உள்ளே மாறாது, வெளியே சட்டென்று பூச்சியம்.

மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகளில் ஒன்றான, வளைவின் வர்க்கத்தையும் சேர்க்கும் ஸ்டாரோபின்ஸ்கியின் கோட்பாட்டில் அந்த வளைவு அப்படிக் குதிக்க முடியாது. மேற்பரப்பைத் தாண்டியும் கசிந்து, மெல்லத் தேயும். இது தெரியாமல் விளிம்பிலேயே, பொதுச் சார்பியலில் நட்சத்திரத்துக்கு வெளியே பொருந்தும் சுவார்ட்ஸ்சைல்ட் தீர்வை ஒட்டவைத்து மூன்று மாதம் வீணாக்கினேன். பிறகு வெளியே தொடர்ந்து கணித்தபோது வளைவு கட்டுக்கடங்காமல் ஏறியது. கணினியில்தான் பிழை என்று நினைத்தேன். மையத்தில் வளைவின் பெறுமானத்தை நாமாக நினைத்தபடி வைக்க முடியாது, தொலைவில் பூச்சியத்துக்குப் போகும்படி பத்துப் பன்னிரண்டு தசமம்வரை தேடிப் பிடிக்க வேண்டும். அது தணிந்து இறங்கிய இரவு, கரண்ட் போகமுதல் அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

குவார்க் நட்சத்திரம் இருப்பதே உறுதியில்லையே என்று யாராவது வருவார்கள். உண்மைதான், இன்னும் ஒன்றுகூட உறுதிப்படவில்லை. பை மாறிலியை மாற்றினாலும் ஈர்ப்பை மாற்றினாலும் திணிவு–ஆரைக் கோடு கிட்டத்தட்ட ஒரே மாதிரி நகரலாம் என்பதும் உண்மை. ஆனால் 2019 ஆகஸ்ட் 14 இல் பிடிபட்ட ஈர்ப்பலையில் 2.6 சூரியத் திணிவுள்ள பொருள் ஒன்று இருந்ததே. அது கருந்துளையா நட்சத்திரமா என்று கேட்க இந்தக் கணக்கெல்லாம் தேவை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வளாகத்தில் என்னை, பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டைச் சொல்லி, "கோட்டாவில் வந்தவள்" என்றார்கள். எங்கள் பாடசாலையில் உயர்தர இரண்டாம் வருடம் முழுக்கப் பௌதிக ஆசிரியரே இல்லை. வருபவர் ஒரு வருடத்தில் மாற்றல் எடுத்துப் போய்விடுவார். சனிக்கிழமை விடிய நாலரைக்கு எழும்பி வவுனியாவுக்கு ரியூசனுக்குப் பஸ் ஏறினோம். அதற்கு யார் புள்ளி போட்டார்கள்?

சரி, தொடங்குங்கள். முதலில் பொதுச் சார்பியலுக்கு மட்டும் நிரலை எழுதுங்கள். பை மாறிலி ஒரு கன ஃபெம்ரோமீற்றருக்கு 60 மெகா இலத்திரன்வோல்ற்று என்றால் உச்சத் திணிவு ஏறத்தாழ 2 சூரியன், ஆரை 11 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அது வரும்வரை மாற்று ஈர்ப்பைத் தொடவேண்டாம்.