மனோன்மணீயத்தைப் பற்றி வாதக் கட்டுரை எழுதுவது எப்படி?

கோத்தகிரியில் இளங்கலைத் தமிழ் பயிலும் நீங்கள், "சீவக மன்னனின் வீழ்ச்சிக்குக் காரணம் குடிலனின் சூழ்ச்சியா, மன்னனின் பேதைமையா?" என்ற தலைப்பில் கட்டுரை எழுத வேண்டியிருப்பதாகவும், எழுத உட்கார்ந்தால் கதைச் சுருக்கமாகவே முடிந்துவிடுவதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மனோன்மணீயம் நாடகத்தில் சீவகன் பாண்டிய மன்னன், குடிலன் அவனுடைய அமைச்சன். குன்னூரில் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இதே இடர்ப்பாட்டை ஆண்டுதோறும் மாணவர்களிடம் காண்கிறேன் என்பதால், சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

பெ. சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்தார், 1891இல் நாடகம் வெளிவந்தது, லிட்டன் பிரபு எழுதிய கதையொன்றைத் தழுவியது, நாடகத்தின் பாயிரத்திலுள்ள வாழ்த்துப் பாடலே தமிழ்த்தாய் வாழ்த்தாயிற்று என்பவையெல்லாம் உண்மையான, நாம் பெருமைப்படத்தக்க செய்திகள். ஆனால் இவற்றை மறுப்பார் எவருமில்லை. மறுப்பதற்கு இடமில்லாத செய்தி வாதமாகாது. ஆகவே முதல் பக்கத்தை இவற்றால் நிரப்பாமல், உங்கள் நிலைப்பாட்டை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

"குடிலன் வஞ்சகன், சீவகன் ஏமாளி" என்பது நிலைப்பாடு ஆகாது, அது பாத்திர அறிமுகம். "குடிலன் செய்த தீங்கு ஒவ்வொன்றும் சீவகனின் ஒப்புதலோடு நடந்தது; ஆதலால் வீழ்ச்சியின் முதற்பொறுப்பு மன்னனையே சாரும்" என்று எழுதிப் பாருங்கள். இதை ஒருவர் எதிர்த்துப் பேச முடியும். நாடகத்திலிருந்து சான்று கேட்கவும் முடியும்.

அந்தச் சான்றுகளுள் மிகவும் வளமானது தூது அனுப்பும் செய்தி. சீவகனின் மகள் மனோன்மணிக்குச் சேர மன்னன் புருடோத்தமனே ஏற்ற மணமகன் என்றும், நடராசனைத் தூதாக அனுப்பலாம் என்றும் மன்னனின் குலகுருவான சுந்தர முனிவர் கூறுகிறார். சீவகன் அதற்கு இசைகிறான். பின்னர் குடிலன், பெண்ணைக் கொடுக்க நாமே முந்துவது அரச பெருமைக்கு இழுக்கு என்ற எண்ணத்தை விதைத்து, நாஞ்சில் நாட்டு உரிமையைப் பேச்சில் நுழைத்து, தன் மகன் பலதேவனையே தூதனாக்கிவிடுகிறான். மணம் பேசப் போன தூது போரை அழைத்து வருகிறது. இங்கே சூழ்ச்சி குடிலனுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் முனிவரிடம் தந்த இசைவைக் கைவிட்டவன் யார்? மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டிக் குடியேறியதிலும் இதே போக்கைக் காணலாம்: அமைச்சன் வழி சொல்கிறான், மன்னன் அதைத் தன் பெருமையாகவே எண்ணிக்கொள்கிறான்.

இனி, உங்கள் நிலைப்பாட்டுக்கு எதிரான சான்றைத் தேடுங்கள். பெரும்பாலோர் அஞ்சி விட்டுவிடுவது இதைத்தான். என் கருத்தில் கட்டுரையின் உயிரே இங்குதான் இருக்கிறது. சீவகன் முழுப் பேதை என்றால், முனிவரின் நல்லுரையை அவன் எப்படி ஏற்றான்? அவன் மகளிடம் காட்டும் அன்பும் பொய்யில்லை. இந்தத் தடையை நேர்மையாக எதிர்கொண்டால், அவனிடம் குறைவாக இருப்பது அறிவைக் காட்டிலும் உறுதியே என்பது தெரியவரும்; நல்லதையும் தீயதையும் ஒரே எளிமையோடு ஏற்பவன், கடைசியாகப் பேசியவரின் கையில் அரசை ஒப்படைக்கிறான். தொடங்கிய கூற்றைவிட இது நுட்பமானது. ஆகவே திரும்பிச் சென்று முதல் பத்தியைத் திருத்தி எழுதத் தயங்காதீர்கள்.

மேற்கோளை அளவாக எடுங்கள். இரண்டு மூன்று அடிகளை அங்கமும் களமும் சுட்டித் தந்து, அந்த அடிகளில் எந்தச் சொல் உங்கள் கூற்றைத் தாங்குகிறது என்று விளக்கினால் போதும். நம் மலையில் வீட்டில் படகமோ கன்னடமோ பேசி வளரும் பிள்ளைகளுக்கு அகவல் நடை முதலில் முரடாகத் தோன்றுவது இயல்பு. நாடகம் படிப்பதற்கென்று எழுதப்பட்டதே ஆனாலும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக உரக்கப் படித்தால் குடிலன் எங்கே குரலைத் தாழ்த்துகிறான், மன்னன் எங்கே எதிர்க்கேள்வி கேட்காமல் விடுகிறான் என்பது காதுக்கே பிடிபடும். ஆடி மழையில் மின்சாரம் போய்விடும் மாலைகளில் என் மாணவர்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இப்படிப் படித்ததுண்டு. அவ்வாறு படித்தவர்களின் கட்டுரைகளில் கதைச் சுருக்கம் தானாகவே குறைந்திருந்தது.

உள்கதையான சிவகாமி சரிதத்தைச் சேர்க்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆயினும் உங்கள் தலைப்பு மன்னனின் பொறுப்பைப் பற்றியது என்பதால் அதை விட்டுவிடுங்கள். அந்த இடத்தைச் சுருங்கை வழிக்கு, அதாவது நிலத்தடியில் செல்லும் இரகசியப் பாதைக்குக் கொடுங்கள்: மன்னனைக் காக்க முனிவர் அமைத்த அதே வழியைக் குடிலன் பகைவனிடம் செல்லப் பயன்படுத்துகிறான். சீவகன் ஒப்புதல் தராத ஒரு தீங்கு இங்கே நடக்கிறது. உங்கள் கூற்று இதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.