வண்டி நகர்ந்தால் கருவிக்குத் தெரியும், நின்றால்?

ஐரோப்பிய லாரிகளில் இவ்வளவு நவீன கருவிகள் வந்தபிறகு ஓட்டுநர்களின் நிலைமை மேம்பட்டிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டும் நேரத்தைப் பொறுத்தவரை ஆமாம். காத்திருக்கும் நேரத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை என்பேன். நான் ஓட்டுநர் இல்லை. ஜெர்மனியில் ஒரு கிடங்கில் வரும் லாரிகளுக்குச் சரக்கு இறக்க இடம் ஒதுக்கும் வேலை, ஆறு வருடமாக.

ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். இதைப் பதிவு செய்வது டாக்கோகிராஃப் என்ற பெட்டி. முன்பு காகித வட்டு, 2006 மே முதல் புதிய வண்டிகளில் டிஜிட்டல். 2023 ஆகஸ்டுக்குப் பிறகு பதிவான புதிய வண்டிகளில் இருப்பது எல்லை தாண்டுவதைக்கூட செயற்கைக்கோள் உதவியோடு தானே குறித்துக்கொள்ளும். ஓட்டுநர் எந்த நாட்டுக்குள் எத்தனை நாள் வேலை செய்தார், அந்த நாட்டுச் சம்பள விதி பொருந்துமா என்று பார்க்க அது உதவும். நல்ல விஷயம்தான்.

ஆனால் வண்டி நின்றால்? பெட்டியில் ஸ்டியரிங், சுத்தியல், கட்டில் என்று குறிகள் உண்டு. நின்றதும் அது தானாகச் சுத்தியலுக்கு, அதாவது வேறு வேலைக்குப் போய்விடும். ஓய்வு என்றால் ஓட்டுநர்தான் கட்டிலை அழுத்தவேண்டும். எங்கள் இறக்குமிடத்தில் ஒருவர் வியர்க்க வியர்க்க பேலட், அதாவது சரக்கு அடுக்கிய பலகை, இழுத்துக்கொண்டிருப்பார், உள்ளே பெட்டி அவர் படுத்திருப்பதாகப் பதிவு செய்துகொண்டிருக்கும். அந்த 45 நிமிடத்தை இங்கேயே கணக்கில் ஏற்றினால்தான் அடுத்த ஊருக்கு நேரத்துக்குப் போகமுடியும். சட்டப்படி தப்பு, அவருக்கும் தெரியும்.

அப்புறம் ஆன்லைனில் நேரம் முன்பதிவு செய்யும் முறை. காலை 10 மணிக்குப் பதிவு, நெரிசலில் மாட்டி 10:20க்கு வந்தால் இடம் போய்விடும், அடுத்தது மாலை 4 மணி. அதை அவர்களிடம் சொல்லும் ஆள் நான்தான், திட்டு வாங்குவதும் நான்தான்.

45 மணி நேர வார ஓய்வை வண்டிக்குள்ளேயே எடுக்கக்கூடாது என்று 2020ல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையோர நிறுத்தங்களைப் போய்ப் பாருங்கள். இங்கே அன்று இரவு 10 வரை 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் ஓடக்கூடாது, அதனால் வரிசையாக நிற்கும், பக்கத்திலேயே கேஸ் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். 2023ல் டார்ம்ஸ்டட் அருகே கிராஃபென்ஹவுசன் நிறுத்தத்தில் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் ஓட்டுநர்கள் சம்பள பாக்கிக்காக வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். கூலி வந்ததா என்று குறித்துவைக்க இன்னும் எந்தப் பெட்டியும் வரவில்லை.

எங்கள் கிடங்கையே சொல்கிறேன். முன்பதிவுக்கு மென்பொருள் வந்து நாலு வருடம் ஆகிறது. ஓட்டுநர்களுக்கென்று கழிப்பறை கட்டியது போன வருடம்தான், அதுவரை என் மேசையில் வந்து சாவி வாங்கிக்கொண்டு போனார்கள்.