ஒரு ஸ்கூப்பில் எவ்வளவு அமுக்கரா? – வாங்கும் முன் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜிம்மிலிருந்தும் மைதானத்திலிருந்தும் வந்தவை. எல்லோரும் கேட்பது மூலிகைச் சப்ளிமென்ட்களைப் பற்றித்தான்.

கேள்வி: ஜிம் மாஸ்டர் ஒரு மூலிகைப் பவுடர் வாங்கச் சொல்கிறார். 300 கிராம் டப்பா, 2,400 ரூபாய். 11 மூலிகை சேர்ந்தது, பலமும் ஏறும், உடற்பயிற்சி செய்த வலியும் சீக்கிரம் போகும் என்கிறார். லேபிளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா? (மதுரை வாசகர்)

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டப்பாவின் முன்பக்கம் சிங்கம் கர்ஜிக்கிறது, பின்பக்கத்தைப் படிக்கத்தான் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது. ஒரு ஸ்கூப் 10 கிராம். அதில் பெரும்பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து. அப்புறம் சுவையூட்டி, நிறம். கடைசியில் 'மூலிகைக் கலவை 1,500 மி.கி.' என்று ஒரே வரி. அதன் கீழே 11 பெயர்கள் இருக்கின்றன, எது எவ்வளவு என்பது மட்டும் இல்லை.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. சேர்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது லேபிள் விதி. உங்கள் மாஸ்டர் புகழும் அமுக்கரா (அஸ்வகந்தா) அந்த வரிசையில் நாலாவது. அதற்கு முன்னால் உள்ள மூன்றும் அதைவிடக் குறையாத எடை என்றால், 1,500-ஐ நாலால் வகுத்துப் பாருங்கள். அமுக்கரா 375 மில்லிகிராமைத் தாண்டவே முடியாது. அதுவும் செறிவாக்கிய சாறு (எக்ஸ்ட்ராக்ட்) இல்லை, 'வேர்ப் பொடி' என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

அமுக்கராவுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2015-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 57 ஆண்கள் 8 வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். ஒரு குழுவுக்கு அமுக்கரா வேர்ச்சாறு 300 மி.கி. காலையும் மாலையும், இன்னொரு குழுவுக்கு வெறும் மாவு மாத்திரை. பெஞ்ச் பிரஸ்ஸில் முதல் குழு சராசரியாக 46 கிலோ கூடுதலாகத் தூக்கியது, இரண்டாவது குழு 26 கிலோ. கடைக்காரர் 46-ஐ மட்டும் சொல்வார். மாவு மாத்திரை தின்றவர்களும் 26 கிலோ ஏறியிருக்கிறார்கள், அது பயிற்சி தந்தது. இவர்கள் எடைப் பயிற்சியில் பெரிய அனுபவம் இல்லாதவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல வருடமாகத் தூக்குகிறவருக்கு இந்த அளவு ஏற்றத்தை எதிர்பார்க்க முடியாது.

இப்படிப்பட்ட சாற்றில் வித்தனோலைடு என்ற வேலை செய்யும் பொருள் 5 சதவீதம் அளவுக்குச் செறிவாக்கப்பட்டிருக்கும். 600 மில்லிகிராமில் 30 மி.கி. சாதாரண வேர்ப் பொடியில் அது பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் கீழே. உங்கள் ஸ்கூப்பில் உச்சபட்சமாகப் பார்த்தாலும் 4 மில்லிகிராமைத் தொடாது. ஸ்கூப் ஒன்றுக்கு 80 ரூபாய் கொடுத்து நீங்கள் வாங்குவது பெரும்பாலும் மாவு.

அமுக்கராதான் வேண்டுமென்றால் தனி அமுக்கரா வாங்குங்கள். லேபிளில் வேரா இலையா, பொடியா சாறா, வித்தனோலைடு எத்தனை சதவீதம், ஒரு கேப்சூலில் எத்தனை மி.கி. என்ற நாலும் இருக்க வேண்டும். இலை மலிவு என்பதால் அதைக் கலக்கும் வழக்கம் உண்டு. இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே 2021-ல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கல்லீரல் தொல்லை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொட வேண்டாம். அமுக்கரா சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. டென்மார்க் 2023-ல் தடையே போட்டுவிட்டது. சாப்பிடும்போது கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

மாஸ்டரிடம் இந்த டப்பாவில் அவருக்கு எவ்வளவு கமிஷன் நிற்கிறது என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.

கேள்வி: நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா சூரணம் மிகவும் மலிவாகக் கிடைக்கிறதே, அதையே சாப்பிட்டால் போதாதா? (தஞ்சாவூர் வாசகி)

முதலில் கடையில் என்ன கேட்கிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 'அமுக்கரா பொடி' வேறு, 'அமுக்கரா சூரணம்' வேறு. முதலாவது வேரை மட்டும் இடித்தது. இரண்டாவது ஒரு சித்த மருந்து. அதன் வழக்கமான செய்முறை கணக்கு வாத்தியார் எழுதியது போல அழகாக இருக்கும்: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு.

கூட்டினால் 255 பங்கு. அதில் சர்க்கரை பாதி, அமுக்கரா கால். 5 கிராம் சூரணம் சாப்பிட்டால் அமுக்கரா ஒன்றேகால் கிராம், சர்க்கரை இரண்டரை கிராம். மருந்தாகச் சித்த மருத்துவர் தரும்போது இதற்கெல்லாம் அர்த்தம் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கும் சேர்த்து ஒரு டப்பா வாங்கும்போது தெரிந்திருக்க வேண்டாமா?

சூரணம் வாங்குவதானால் உரிமம் எண், தொகுதி (பேட்ச்) எண், காலாவதி தேதி அச்சிட்ட பாக்கெட் வாங்குங்கள். அரசு நிறுவனமான டாம்ப்கால், திருவான்மியூரில் உள்ள கூட்டுறவு நிறுவனமான இம்ப்காப்ஸ் போன்றவற்றின் தயாரிப்புகள் கிடைக்கும். உதிரியாகப் பொட்டலம் கட்டித் தரும் பொடியை நான் வாங்குவதில்லை. சித்த முறையில் அமுக்கராவைப் பாலில் பிட்டவித்துச் சுத்தி (தூய்மை) செய்த பிறகே மருந்தில் சேர்ப்பார்கள். பொட்டலத்தில் உள்ளது சுத்தி செய்ததா இல்லையா என்று கேட்டால், நான் கேட்ட கடைகளில் பதில் ஒரு தலையாட்டல்தான்.

கேள்வி: நான் பல்கலைக்கழக அணியில் 400 மீட்டர் ஓடுகிறேன். மூலிகைதானே, ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டாது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். சரியா? (சேலம் மாணவி)

தவறு. இந்தத் தவறுக்கு நம் நாடே பெரிய விலை கொடுத்திருக்கிறது, அதுவும் உங்கள் தூரத்தில்தான்.

2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் பெண்கள் 4 x 400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியா தங்கம் வென்றது. அடுத்த வருடமே அந்த அணியைச் சேர்ந்தவர்கள் உட்பட ஆறு வீராங்கனைகள் அனபாலிக் ஸ்டீராய்டு (தசையை வளர்க்கும் ஊக்கமருந்து) சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் மாத்திரையில்தான் கலந்திருந்தது, எங்களுக்குத் தெரியாது என்பது அவர்கள் வாதம். உக்ரைன்காரரான அந்தப் பயிற்சியாளர் யூரி ஓகோரோட்னிக் நீக்கப்பட்டார். இங்குள்ள விசாரணைக் குழு கொஞ்சம் இரங்கி ஓராண்டுத் தடை விதித்தது. 2012-ல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டாண்டாக்கியது. ஜின்செங்கும் மூலிகைதான்.

உடம்பில் இருந்தால் பொறுப்பு உங்களுடையது, தெரிந்து சாப்பிட்டீர்களா தெரியாமலா என்பது தண்டனையின் அளவைக் குறைக்கப் பேச உதவலாம், அவ்வளவுதான். இது வாடாவின் விதி. (நண்பனைக் கூப்பிடும் 'வாடா' இல்லை, உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு. இந்தியாவில் அதன் வேலையைச் செய்வது நாடா.)

கலப்படம் ஒரு பக்கம் இருக்கட்டும். கலப்படமே இல்லாத சுத்தமான மூலிகையிலும் தடைப் பொருள் இருக்கலாம். எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் போட்டி நேரத்தில் தடை செய்யப்பட்டது. எட்டியைச் சுத்தி செய்து சேர்க்கும் நாட்டு மருந்துகள் உண்டு. (1904 ஒலிம்பிக் மாரத்தானில் வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் ஸ்ட்ரிக்னினையும் பிராந்தியையும் கொடுத்துத்தான் ஓட வைத்தார்கள். அப்போது தடை இல்லை. மனிதர் முடிவுக் கோட்டில் சுருண்டு விழுந்தார்.) நாபிக் கிழங்கிலும் தாமரை விதையின் முளைக்குருத்திலும் உள்ள ஹைஜெனமின் என்ற பொருளின் பெயர் 2017 முதல் தடைப் பட்டியலில் இருக்கிறது. சீந்தில் கொடிக்கு நெருங்கிய உறவான ஒரு கொடியிலும் அது உண்டு. வெளிநாட்டு 'கொழுப்புக் கரைப்பான்' கேப்சூல்களில் இது வெவ்வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும்.

அதனால் தாயே, போட்டியில் ஓடும்வரை பல மூலிகைக் கலவை எதையும் தொடாதீர்கள். கட்டாயம் ஒன்று வேண்டுமென்றால், 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' போன்ற சோதனை முத்திரை உள்ளதாகப் பார்த்து, உங்கள் டப்பாவின் தொகுதி எண் அவர்களுடைய தளத்தில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். அதே கம்பெனியின் வேறு தொகுதி சோதிக்கப்பட்டிருந்தால் அது உங்களுக்கு உதவாது. பில்லையும் டப்பாவில் கொஞ்சம் மிச்சத்தையும் வைத்திருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்து எதுவானாலும் சாப்பிடும் முன் அணி மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், எனக்கு 7 நிமிடம் 20 விநாடி ஆகிறது. பீட்ரூட் பவுடர் குடித்தால் நேரம் குறையும் என்று விளம்பரம் வருகிறது. வாங்கட்டுமா? (தேனி வாசகர்)

தம்பி, இன்று கேட்கப்பட்ட சப்ளிமென்ட்களில் ஓரளவு உருப்படியான ஆதாரம் உள்ளது பீட்ரூட்டுக்குத்தான். அதிலுள்ள நைட்ரேட்டை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் மாற்றித் தர, ரத்தக் குழாய்கள் விரிந்து, அதே வேகத்துக்குக் கொஞ்சம் குறைந்த ஆக்சிஜன் போதுமானதாகிறது. இங்கிலாந்தின் எக்ஸ்டர் பல்கலைக்கழகம் 2009-ல் இதைக் காட்டியது. தினம் அரை லிட்டர் சாறு, ஆறு நாள்.

ஆனால் ஓட்ட நேரத்தில் கிடைப்பது சுமார் ஒன்றிரண்டு சதவீதம். 7 நிமிடத்தில் அது 4 முதல் 8 விநாடி. உங்களுக்குத் தேவை 20. மீதியைப் பவுடர் தராது, வாரம் இரண்டு நாள் 400 மீட்டர் வேகச் சுற்றுகள் ஓடினால் வரும்.

பவுடருக்கும் காசு வேண்டாம். லேபிளில் நைட்ரேட் எத்தனை மி.கி. என்று போடாத பீட்ரூட் பவுடர் வெறும் சிவப்புச் சாயத்துக்குச் சமம். சந்தையில் பீட்ரூட் வாங்கிப் பச்சையாக அரைத்துப் பிழிந்து, ஓடுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால் குடியுங்கள். வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் நைட்ரேட்டும் அதோடு போய்விடும். அன்று காலை கிருமிநாசினி மவுத்வாஷ் வேண்டாம், பாக்டீரியாக்களைக் கொன்றால் வேலை நடக்காது. தேர்வு நாளில் முதல்முறையாகக் குடித்துவிடாதீர்கள். சிலருக்கு வயிறு கலக்கும், சிறுநீர் சிவந்து பயமுறுத்தும். சிறுநீரகக் கல் இருந்தவர்களுக்கு இது ஆகாது.

கேள்வி: பயிற்சிக்குப் பின் வரும் தசை வலிக்கு மஞ்சள் கேப்சூல், அப்புறம் நெருஞ்சில், கன்மதம். இவை எல்லாம் வேலை செய்யுமா? (கோவை வாசகர்)

மஞ்சள்: கொஞ்சம். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஒரு ஸ்பூன் பாலில் கலந்தால் 90 மி.கி. வரும், அதையும் உடம்பு எளிதில் உறிஞ்சாது. மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்தால் உறிஞ்சுதல் 20 மடங்கு கூடுகிறது என்று 1998-ல் பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியது. கேப்சூல்களில் மிளகுச் சாறு இருப்பது அதனால்தான். உறிஞ்சுதல் கூடும்போது ஆபத்தும் கூடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். சாதாரணத் தசை வலி மூன்று நாளில் தானே போகும்.

நெருஞ்சில்: ஆண் ஹார்மோன் கூடும் என்று விற்கிறார்கள். ஆஸ்திரேலிய ரக்பி வீரர்களுக்கு ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், ஹார்மோனும் ஏறவில்லை, அதைச் சாப்பிடாமல் பயிற்சி செய்தவர்களைவிடப் பலமும் கூடவில்லை.

கன்மதம் (ஷிலாஜித்): மலைப்பாறையில் கசிவது, கன உலோகங்களும் கூடவே வரலாம். ஈயம், பாதரசம், ஆர்சனிக் அளவு காட்டும் ஆய்வக அறிக்கையை உங்கள் தொகுதி எண்ணுக்குக் கேளுங்கள். தராவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 1,899 ரூபாய்க்கு அமுக்கரா கேப்சூல் வாங்கினேன். சீல் பிரிந்திருந்தது, காலாவதி தேதி மேல் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'சப்ளிமென்ட் திருப்பி எடுப்பதில்லை' என்கிறார்கள். (திருப்பூர் வாசகர்)

அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. குறையுள்ள பொருளையோ போலியையோ திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ம் வருட மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தொலைபேசியில் பேசுவதோடு நிற்காதீர்கள், எழுத்தில் இருக்க வேண்டும்.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் திருப்பூரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

இன்னொரு புகாரும் கொடுங்கள். தேதியை மறைத்தது பணத் தகராறு மட்டும் இல்லை. டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் (14 இலக்கம்) இருந்தால் அது உணவுச் சட்டத்தில் வருகிறது, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போங்கள். ஆயுர்வேத அல்லது சித்த மருந்து என்று உரிமம் எண் இருந்தால் இந்திய மருத்துவத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் போங்கள். இரண்டில் எது என்று பார்த்த பிறகு கிளம்புங்கள், இல்லாவிட்டால் இங்கே போ, அங்கே போ என்று அலைய விடுவார்கள்.

ஸ்டிக்கரை மட்டும் நீங்களே உரித்துப் பார்த்துவிடாதீர்கள். அப்படியே படம் எடுத்து, அட்டைப்பெட்டி, பில், கூரியர் சீட்டு எல்லாவற்றோடும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.