தடாகத்தின் வினைல் விரிப்புக்கு அடியில் தண்ணீர்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் வசிக்கிறோம். சென்ற கோடையில் ஒப்பந்தகாரர் ஒருவர் எங்கள் நீச்சல் தடாகத்தின் தரையையும் சுவரையும் உட்புறமாக மூடும் வினைல் விரிப்பை மாற்றித் தந்தார். பனி உருகிய பிறகு ஆழமான பக்கத்தில் விரிப்பு தரையை விட்டு எழும்பி நிற்கிறது. காலால் அழுத்தினால் மெத்தையாக அமுங்குகிறது. "நிலத்தடி நீருக்கு நான் பொறுப்பில்லை, உத்தரவாதத்திலேயே எழுதியிருக்கிறது" என்கிறார் அவர். பழைய விரிப்பைக் கழற்றிய அன்று அவருடைய ஆட்கள் குழிக்குள் பம்ப் வைத்து இறைத்ததை என் மனைவி படம் எடுத்திருக்கிறார். தடாகத்தை வற்றவைத்து, விரிப்பைக் கழற்றிவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: தயவுசெய்து தடாகத்தை வற்றவைக்காதீர்கள். விரிப்பை அழுத்திப் பிடிப்பதும், வெளிமண்ணின் தள்ளுதலுக்கு எதிராகச் சுவரைத் தாங்குவதும் உள்ளே நிற்கும் தண்ணீரின் பாரம்தான். ஈரமண் சூழ்ந்திருக்கும்போது அதை இறைத்துவிட்டால் சுவர் உள்ளே சரியலாம். அந்தச் சேதமும் உங்கள் தலையில் விழும். கூடவே, உங்கள் சாட்சியமும் கலைந்துபோகும்.

அடியில் நிற்பது எங்கிருந்து வந்த தண்ணீர்? வழக்கின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். தடாகத்துத் தண்ணீரை வாளியில் நிரப்பிப் படிக்கட்டில் வைத்து, இரண்டு மட்டங்களையும் குறித்து, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். வாளியை விடத் தடாகம் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு இருக்கலாம். ஆனால் வெளியே நீர்மட்டம் உயர்ந்து நிற்கும்போது இந்தச் சோதனை ஏமாற்றக்கூடும். ஆகவே, தடாக வேலை தெரிந்த, இந்த ஒப்பந்தகாரரோடு தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு அடித்தண்ணீரின் மாதிரியை எடுப்பியுங்கள். குளோரின் வெயிலில் வீணாகாமல் இருக்கத் தடாகத்தில் நீங்கள் இடும் சயனூரிக் அமிலம் அதிலும் அதே அளவில் இருந்தால் அது தடாகத்துத் தண்ணீர். அறவே இல்லையென்றால் நிலத்தடி நீர்.

கசிவென்றால் வேலையின் குறையா, விரிப்பின் குறையா என்று பார்க்கவேண்டும். நிலத்தடி நீரென்றால் அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு: நீர்மட்டம் உயர்வது அவர் செய்த குற்றம் அல்ல. ஆனால் அதற்கான அறிகுறியைக் கண்ணால் கண்ட பிறகும், உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வடிகால் குழியோ பம்போ வேண்டும் என்று எச்சரிக்காமல் புது விரிப்பைப் போட்டிருந்தால் கதை வேறு. ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, சேவை நியாயமாக ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்கிறது. உத்தரவாதப் படிவத்தில் எதை எழுதிவைத்தாலும் அந்த உரிமையைப் பறிக்க முடியாது.

அதனால்தான் உங்கள் மனைவி எடுத்த படம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "பழைய விரிப்பைக் கழற்றும்போது மிஞ்சிய தண்ணீரைத்தான் இறைத்தோம்" என்று அவர்கள் சொல்வார்கள். இறைத்த பிறகும் குழியில் தண்ணீர் மறுபடி ஊறியதா? அன்று மாலையோ மறுநாளோ எடுத்த படம் வேறு உண்டா? கைபேசியில் உள்ள மூலப்படத்தை நேரப் பதிவோடு பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை மட்டும் நம்பவேண்டாம்.

பிறகு ஒப்பந்தகாரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். வந்து பார்க்கவும் திருத்தித் தரவும் ஒரு திகதி குறித்து அவகாசம் கொடுங்கள். மறுத்தால் இரண்டு இடங்களில் விலைமதிப்பு வாங்கிக்கொண்டு வழக்குத் தொடரலாம். சிறு கோரிக்கைகள் நீதிமன்றத்தின் வரம்பு 2025 ஒக்டோபர் 1 முதல் 50,000 டொலர். உங்கள் இழப்பு அதற்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன். மாதிரியை எடுத்தவரின் எழுத்து அறிக்கையை விசாரணைக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பிக்கவேண்டும். பாதிப்பு தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிடவேண்டும். பேச்சுவார்த்தை நடப்பதாலேயே அந்தக் கெடு நின்றுவிடாது.