யூதர்களோடு செய்த உடன்படிக்கை ரத்தாகிவிட்டதா?

கேள்வி: வேதபாட வகுப்பு நடத்துகிறேன். ஆபிரகாமின் சந்ததியோடு தேவன் செய்த உடன்படிக்கை இன்றும் செல்லுமா என்று ஒருவர் கேட்டார். செல்லும் என்றால், இயேசுவை விசுவாசிக்காமலே யூதருக்கு இரட்சிப்பு உண்டா? செல்லாது என்றால், தேவன் வாக்கு மாறினாரா? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: இதில் இரண்டு கேள்விகள் சிக்கிக் கிடக்கின்றன. தேவன் வாக்கைக் காப்பாற்றுவாரா என்பது ஒன்று, மனிதன் எதனால் இரட்சிக்கப்படுகிறான் என்பது இன்னொன்று. முதலில் இவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு ஆதியாகமம் 15-ஐ நிதானமாக வாசியுங்கள். ஆபிராம் (ஆபிரகாமின் முந்தைய பெயர்) ஒரு கிடாரி, ஒரு வெள்ளாடு, ஓர் ஆட்டுக்கடா ஆகியவற்றை நடுவாகப் பிளந்து, துண்டுகளை எதிரெதிரே வைக்கிறார். மேலே வந்து இறங்கும் பறவைகளை விரட்டுகிறார். பொழுது சாயும்போது அயர்ந்து தூங்கிப் போகிறார். அந்நாளில் உடன்படிக்கை செய்கிறவர்கள் இப்படிப் பிளந்த துண்டுகளின் நடுவே கடந்துபோவது வழக்கம்; எரேமியா 34:18-லும் இதைப் பார்க்கலாம். சொன்ன சொல் தவறினால் எனக்கும் இதே கதி என்பது அதன் பொருள். ஆனால் இங்கே ஆபிராம் நடக்கவே இல்லை. புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும் மட்டுமே கடந்துபோகின்றன. பொறுப்பு முழுவதையும் தேவன் தம்மேல் எடுத்துக்கொண்டார் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். தேவனுடைய கிருபை வரங்களும் அழைப்பும் மாறாதவை என்று ரோமர் 11:29-ல் பவுல் எழுதுவதும் இஸ்ரவேலைப் பற்றித்தான்.

அப்படியானால் எபிரெயர் 8-ஆம் அதிகாரம் எந்த உடன்படிக்கையைப் “பழமையானது” என்று சொல்கிறது என வகுப்பில் கேட்பார்கள். அது சீனாய் மலையில் மோசே வழியாக வந்த உடன்படிக்கை. ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு அதற்கு முந்தியது. எரேமியா 31 சொல்லும் புது உடன்படிக்கைகூட இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும்தான் செய்யப்படுகிறது.

இரண்டாம் கேள்விக்கு ரோமர் 4. ஆபிராமின் விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது ஆதியாகமம் 15-ல். விருத்தசேதனம் வருவதோ 17-ல். விசுவாசம் முந்தியது, விருத்தசேதனம் பிந்தியது என்ற இந்த வரிசையைத்தான் பவுல் பிடித்துக்கொள்கிறார். யூதனுக்கு ஒரு வழி, புறஜாதியானுக்கு வேறு வழி என்று அவர் பிரிக்கவில்லை. இரண்டு உடன்படிக்கைகள், இரண்டு வழிகள் என்ற கருத்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ரான்ஸ் ரோசன்ஸ்வைக் என்ற யூதச் சிந்தனையாளர் முன்வைத்தார். கிறிஸ்தவர்கள் சிலரும் அதை ஏற்றார்கள். எனக்கு அது பவுலில் தென்படவில்லை. இரண்டு வழி இருந்திருந்தால், இஸ்ரவேலர் இரட்சிக்கப்பட வேண்டும் என்று ரோமர் 10:1-ல் அவர் ஏன் அப்படி மன்றாட வேண்டும்?

கத்தோலிக்கத் திருச்சபை 1965-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், யூதர்களைத் தேவனால் தள்ளப்பட்டவர்களாகக் காட்டக்கூடாது என்று அறிவித்தது. 2015-ல் வந்த வத்திக்கான் ஆவணம், இரட்சிப்புக்கு இரண்டு இணைவழிகள் இல்லை என்றும், யூதரைக் குறிவைத்துத் தனியாக நற்செய்திப் பணி அமைப்பு நடத்துவதில்லை என்றும் சேர்த்தே சொல்கிறது. இவை எப்படி ஒத்துப்போகும் என்பதை அது தேவனுடைய இரகசியமாகவே விட்டுவிடுகிறது.

“இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்” என்ற ரோமர் 11:26-ல் வகுப்பு கண்டிப்பாகத் தடுமாறும். யூதரும் புறஜாதியாருமான தேவஜனம் முழுவதும் என்றார் 16-ஆம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தவாதி கால்வின். கடைசிக் காலத்தில் யூத ஜனம் திரும்பும் என்கிறார்கள் பலர். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. அந்த அதிகாரம் முழுக்க இஸ்ரவேல் என்பது யூதரையே குறிக்கிறது. ஆனால் இதில் சண்டை போட வேண்டாம்.

அதைவிட, அதே ரோமர் 11-ல் பவுல் சொல்லும் ஒலிவமர உவமைக்கு நேரம் கொடுங்கள். தோட்டக்காரர்கள் காட்டு மரத்தில் நல்ல கிளையை ஒட்டுவார்கள். பவுல் தலைகீழாக, நல்ல மரத்தில் காட்டுக் கிளையை ஒட்டுகிறார். இது சுபாவத்துக்கு விரோதம் என்று அவரே சொல்கிறார். காட்டுக் கிளை புறஜாதியாராகிய நாம். நாம் வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் நம்மைச் சுமக்கிறது. முறிந்த கிளைகளை, அதாவது விசுவாசிக்காத யூதரை, திரும்ப ஒட்டவும் தேவனால் முடியும். சபை வரலாற்றில் யூதர்களுக்கு எதிராக நடந்த கொடுமைகளை நினைத்தால், இந்த ஒரு வசனத்தை நாம் எவ்வளவு மோசமாக மறந்தோம் என்று நெஞ்சு கனக்கிறது.

வகுப்பில் ரோமர் 11-லிருந்து ஆரம்பிக்காதீர்கள். ரோமர் 9-ன் முதல் மூன்று வசனங்களை யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தன் சகோதரருக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகவும் தயார் என்கிற மனிதர்தான் இவ்வளவையும் எழுதுகிறார். அதைக் கேட்ட பிறகு விவாதத்தைத் தொடங்குங்கள்.