மலேசியத் தேர்தல்களும் ஊழல் மீதான கோபமும்: கேள்வி பதில்

மலேசியாவில் 2008, 2013, 2018 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களில் எதிர்க்கட்சிகள் படிப்படியாக வளர்ந்ததற்கு அரசு ஊழல் மீது மக்களுக்கு ஏற்பட்ட வெறுப்பு எவ்வளவு காரணம் என்று கேட்டு, செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பலர் எழுதியிருந்தார்கள். அப்பச்சி காலத்துப் பேரேடுகளில் பாதிப் பக்கம் பினாங்கும் ஈப்போவுமாக இருக்கும் ஊர்களிலிருந்து இக்கேள்வி வருவதில் வியப்பில்லை. கோலாலம்பூரில் பல ஆண்டுகள் கணக்குத் தணிக்கை வேலை பார்த்துவிட்டுக் காரைக்குடி திரும்பியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

தேவகோட்டை வாசகர்: 2008-இல் ஆளும் கூட்டணிதானே வென்றது? அதை ஏன் பெரிய மாற்றம் என்கிறார்கள்?

வென்றது உண்மைதான். ஆனால் 2004-இல் 219 இடங்களில் 198-ஐப் பிடித்திருந்த தேசிய முன்னணி, 2008 மார்ச் 8 அன்று 222-இல் 140-க்கு இறங்கியது. அரசியல் சட்டத்தைத் தனியாகத் திருத்தத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கைநழுவியது. கிளந்தான் ஏற்கெனவே எதிர்க்கட்சியிடம் இருந்தது. அதனுடன் பினாங்கு, சிலாங்கூர், பேராக், கெடா ஆகிய மாநிலங்களும் சேர்ந்தன. இவற்றில் பினாங்கும் சிலாங்கூரும் தொழிலும் வருவாயும் மிகுந்தவை என்பதால், எதிர்க்கட்சிக்கு ஆட்சி நடத்தத் தெரியாது என்ற பழைய வாதம் அதன்பின் எடுபடவில்லை.

கோனாபட்டு வாசகர்: இந்தியர்கள் அந்தத் தேர்தலில் மாறி வாக்களித்ததற்கு ஊழலா காரணம், இண்ட்ராப் போராட்டமா?

உடனடிக் காரணம் இந்து உரிமைகளுக்கான போராட்ட அமைப்பான இண்ட்ராப்தான். 2007 தீபாவளிக்குச் சில நாள் முன்பு ஷா ஆலம் பகுதியில் ஒரு மாரியம்மன் கோவில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25 அன்று ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூர்த் தெருக்களில் இறங்கினார்கள். டிசம்பரில் அதன் தலைவர்கள் ஐவர் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான மனோகரன், காமுண்டிங் தடுப்பு முகாமிலிருந்தபடியே சிலாங்கூர் சட்டமன்றத்துக்குத் தேர்வானார்.

ஆனால் தோட்டத்துத் தமிழர்களின் கசப்பு அதற்குப் பல ஆண்டுகள் மூத்தது. அதைப் புரிந்துகொள்ள மைக்கா ஹோல்டிங்ஸ் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1980-களின் தொடக்கத்தில், இந்தியர்களும் பொருளாதாரத்தில் பங்கு பெற வேண்டும் என்று சொல்லி, ஆளும் கூட்டணியில் இருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் இந்நிறுவனத்தை அமைத்தது. ஏறத்தாழ 66,000 பேர், பெரும்பாலும் ரப்பர் தோட்டக் குடும்பத்தினர், நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் பங்கு எடுத்தார்கள். 1990-இல் டெலிகோம் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தபோது மைக்காவுக்கு என்று ஒதுக்கப்பட்ட ஒரு கோடிப் பங்குகளில் 10 லட்சம் மட்டுமே மைக்காவுக்குப் போயின. மீதி 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போயின என்பது பின்னர் வெளிவந்தது. கட்சித் தலைவர் சாமிவேலு தாம் தவறு எதுவும் செய்யவில்லை என்று மறுத்தார். அவர்மீது வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. போட்ட பணமோ வளரவில்லை. 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியை வைத்திருந்த அவர், 2008-இல் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜிடம் தோற்றார்.

நம் ஊரில் சீட்டுக் கம்பெனியில் பணத்தைத் தொலைத்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கசப்பின் தன்மை தெரியும். துறைமுகத்திலோ நெடுஞ்சாலை ஒப்பந்தத்திலோ எத்தனை கோடி போனது என்பது நாளிதழ்ச் செய்தி. தன் தாலிக்கொடியை வைத்து எடுத்த பங்குப் பத்திரம் பெட்டியில் செல்லரித்துக் கிடப்பது வீட்டுச் செய்தி. வாக்கை மாற்றுவது பெரும்பாலும் இரண்டாவதுதான் என்பது என் கருத்து. கீழேயுள்ள பதில்களிலும் இதையே வெவ்வேறு விதத்தில் சொல்வேன்.

காரைக்குடிக் கல்லூரி மாணவி: 2013-இல் எதிர்க்கட்சிக் கூட்டணி அதிக வாக்கு வாங்கியும் தோற்றது என்று படித்தேன். அது எப்படி?

50 விழுக்காட்டுக்கும் சற்று மேல் வாக்கு வாங்கி 89 இடம் பெற்றார்கள். 47 விழுக்காடு வாங்கிய ஆளும் கூட்டணிக்கு 133 இடம் கிடைத்தது. தொகுதிகளின் அளவில் உள்ள ஏற்றத்தாழ்வே இதற்குக் காரணம். சிலாங்கூரின் காப்பார் தொகுதியில் ஏறத்தாழ 1,44,000 வாக்காளர்கள்; அரசு அலுவலர்கள் நிறைந்த புத்ராஜெயாவில் 16,000-க்கும் குறைவு. இரண்டுக்கும் நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு நாற்காலி. கோபம் நகரங்களில் குவிந்தும் இடங்கள் கிராமங்களில் பரவியும் இருந்தால், கணக்கு இப்படித்தான் முடியும்.

பள்ளத்தூர் வாசகர்: ‘ஒன் எம்டிபி’ என்ற ஊழலை எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?

முதலாளி தன் பெயரில் ஒரு புதுக்கடை திறக்கிறார். கைமுதல் போடாமல் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கடன் வாங்குகிறார். வாங்கிய பணம் சரக்காக மாறாமல், பங்காளிக் கடைக்கு முன்பணம் என்று எழுதப்பட்டு, அந்தப் பங்காளிக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆளின் பெட்டிக்குப் போகிறது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் ஐந்தொகையில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது. 2009-இல் பிரதமர் நஜீப் ரசாக் அரசு அமைத்த ஒன் எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தில் நடந்தது இதுதான். பெட்ரோசவுதி என்ற நிறுவனத்துடன் கூட்டுத்தொழில் என்று அனுப்பப்பட்ட 100 கோடி டாலரில் 70 கோடி, ஜோ லோ என்ற இடைத்தரகரின் கட்டுப்பாட்டில் இருந்த நிறுவனத்துக்குப் போனது. 2012, 2013-இல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி 650 கோடி டாலருக்குக் கடன்பத்திரங்கள் திரட்டிக் கொடுத்தது. மொத்தத்தில் 450 கோடி டாலர் கையாடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை குறிப்பிட்டது. நஜீபின் சொந்த வங்கிக் கணக்குக்கு ஏறத்தாழ 68 கோடி டாலர் வந்ததும் வெளியானது. அது சவுதி அரச குடும்பத்தின் நன்கொடை என்று விளக்கம் சொன்னார்கள்.

அதே வாசகர்: இது 2015-லேயே வெளிவந்துவிட்டதே. மக்கள் ஏன் உடனே எழவில்லை?

அந்த ஆண்டு ஜூலையில் கேள்வி கேட்ட துணைப் பிரதமரும், விசாரணையில் இருந்த தலைமைச் சட்ட அதிகாரியும் ஒரே நாளில் பதவி இழந்தார்கள். பேரணிகள் நடந்தன, எதுவும் அசையவில்லை. நூறு கோடிக்கும் ஆயிரம் கோடிக்கும் உள்ள வேறுபாடு சாதாரண மனிதனின் கற்பனைக்கு எட்டாது. ஆனால் அதே 2015 ஏப்ரலில் ஆறு விழுக்காடு சரக்கு சேவை வரி வந்தது. மளிகைக் கடை ரசீதின் கடைசி வரியில் அது அச்சாகியது. அரசின் பெட்டி ஏன் காலியானது என்ற கேள்விக்கும் தன் ரசீதில் ஏன் கூடுதல் வரி என்ற கேள்விக்கும் ஒரே விடை என்று எதிர்க்கட்சி மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகச் சொன்னது. பொருளாதார அறிஞர்கள் அந்த வரிக்கு நியாயமான காரணங்கள் உண்டு என்பார்கள். எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. தேர்தல் களத்தில் அதைக் கேட்க ஆள் இல்லை.

பின்னர் மாற்றம் வந்ததற்கு இன்னொரு காரணம், ஆளும் கட்சியிலிருந்து வெளியேறி வந்த மனிதர். 1981 முதல் 2003 வரை பிரதமராக இருந்த மகாதீர், 1998-இல் தாமே பதவி நீக்கிய அன்வார் இப்ராகிமுடன் கைகோத்து, 92 வயதில் எதிர்க்கட்சியை வழிநடத்தினார். ஆளும் கட்சியைத் தவிர வேறு சின்னத்துக்கு வாக்களித்தே பழகாத கிராமத்து மலாய்க்காரர்களுக்கு அவர் முகம் துணிவு தந்தது. 2018 மே 9 அன்று அவரது கூட்டணி 113 இடங்களையும், சபாவின் நட்புக்கட்சி 8 இடங்களையும் பெற்றன. 1957-இல் விடுதலை பெற்றதிலிருந்து ஆண்ட கூட்டணிக்கு 79 கிடைத்தது. வாக்குப்பதிவைப் புதன்கிழமையில் வைத்ததுகூட எதிர்விளைவைத்தான் தந்தது. சிங்கப்பூரிலிருந்தெல்லாம் பிள்ளைகள் விடுப்பெடுத்து ஊருக்கு வந்து சேர்ந்தார்கள்.

புதுவயல் வாசகர்: மகாதீர் ஆட்சியில் ஊழலே இல்லையா ஐயா?

இருந்தது. 1983-இல் அரசு வங்கியொன்றின் ஹாங்காங் துணை நிறுவனம் கொடுத்த வாராக்கடன்களைத் தணிக்கை செய்யப் போன அதிகாரி அங்கே கொலை செய்யப்பட்டார். எங்கள் தொழிலில் இருந்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

கண்டனூர் வாசகர்: 1989-இல் போபர்ஸ் விவகாரத்தால் நாடே காங்கிரசைத் தோற்கடித்தது, தமிழ்நாடோ காங்கிரசுக்கு அள்ளிக்கொடுத்தது. அப்படியானால் நமக்கு ஊழல் ஒரு பொருட்டில்லை என்று கொள்ளலாமா?

அப்படிக் கொள்ளக் கூடாது. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் நாடு முழுதும் 197-க்குச் சரிந்தபோது, தமிழ்நாட்டில் காங்கிரஸ், அ.தி.மு.க. அணி 39-இல் 38 இடங்களை வென்றது. நம் சிவகங்கையும் அதில் ஒன்று. 64 கோடி ரூபாய்த் தரகும் ஸ்வீடன் பீரங்கியும் நம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருந்தன. கூடவே, அ.தி.மு.க. பிளவுபட்டுக் கிடந்த ஜனவரியில் சட்டமன்றத் தேர்தலில் வென்ற தி.மு.க., அ.தி.மு.க. ஒன்றுசேர்ந்து காங்கிரசுடன் கூட்டணி அமைத்ததும் ஓரிடம்கூடப் பெறவில்லை.

1996-இல் அதே தமிழ்நாடு வேறு முடிவெடுத்தது. 1995 செப்டம்பரில் சென்னையில் நடந்த, ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரத்தை மக்கள் பந்தலோடும் ஒட்டியாணத்தோடும் கண்ணால் பார்த்தார்கள். வழக்கின் ஆவணங்களைப் படிக்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. முதல்வராக இருந்த ஜெயலலிதா பர்கூரில் தோற்றார். சட்டமன்றத்தில் அவர் கட்சிக்கு நான்கே இடங்கள். காங்கிரசிலிருந்து பிரிந்து வந்த தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) மக்களவையில் 20 இடங்களைப் பெற்றது. 1989-இல் கைச் சின்னத்தில் சிவகங்கையில் வென்ற ப. சிதம்பரம், 1996-இல் அதே தொகுதியில் சைக்கிள் சின்னத்தில் வென்றார். வெளியேறி வந்தவர்களின் பங்கு இங்கும் தெரிகிறது அல்லவா?

கானாடுகாத்தான் வாசகர்: மலேசியாவில் மாற்றம் கொண்டுவந்தவர்கள் இரண்டே ஆண்டில் ஏன் கவிழ்ந்தார்கள்?

மகாதீர் எப்போது பதவியை அன்வாரிடம் ஒப்படைப்பார் என்ற கேள்விக்கு அவர்களிடம் தேதி இல்லை. நஜீப் என்ற ஒரு மனிதரை இறக்குவதற்காக ஒன்றுசேர்ந்தவர்கள், அவர் இறங்கியபின் சேர்ந்திருக்க வேறு காரணம் தேடவில்லை. 2020 பிப்ரவரியில் கட்சி மாறியவர்களால் ஆட்சி போனது. வாக்காளர்கள் அதற்குத் தந்த பதிலும் கவனிக்கத்தக்கது: 2022 மார்ச்சில் ஜொகூர் மாநிலத் தேர்தலில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் மட்டுமே வாக்களித்தார்கள். பழைய கூட்டணி 56-இல் 40 இடங்களை அள்ளியது. ஊழல் வழக்கில் தண்டனை பெற்று மேல்முறையீட்டில் இருந்த நஜீப் அங்கே பரப்புரை செய்தார், கூட்டமும் கூடியது. ஊழலை மக்கள் மன்னித்துவிட்டார்கள் என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. வீட்டிலேயே இருந்துவிட்டவர்களின் எண்ணிக்கையை முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

காரைக்குடி வாசகர்: கடைசியாக, போன பணம் திரும்பி வந்ததா?

ஒரு பகுதி வந்தது. தேர்தல் முடிந்த சில நாட்களில் நஜீபுடன் தொடர்புடைய இடங்களில் காவல்துறை 26 நாட்டு நாணயங்களில் ஏறத்தாழ 11 கோடி ரிங்கிட் ரொக்கத்தைக் கைப்பற்றியது. ஜோ லோவின் உல்லாசக் கப்பல் 2019-இல் ஏறத்தாழ 12.6 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. கோல்ட்மேன் சாக்ஸ் 2020-இல் 390 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. ஒன் எம்டிபியின் முன்னாள் துணை நிறுவனமொன்றின் பணம் தொடர்பான வழக்கில் தண்டிக்கப்பட்ட நஜீப் 2022 ஆகஸ்டில் சிறை சென்றார். கடனோ தன் தவணைப்படி நடக்கிறது. 2013-இல் வாங்கிய 300 கோடி டாலர் 2023 மார்ச்சில் முதிர்ந்தது. 2009-இல் முதன்முதலாக எடுத்த 500 கோடி ரிங்கிட் கடன்பத்திரம் முப்பது ஆண்டுக் கடன் என்பதால், அது 2039-இல்தான் முதிர்கிறது.