நறுக்கும்வரை வெங்காயம் ஏன் சும்மா இருக்கிறது? செல்களைப் பற்றிய கேள்வி பதில்

மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். "செல்லைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று வாயைக் கொடுத்ததும், சமையலறையிலிருந்து நீட் வரைக்கும் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் பதில்கள் சுற்றிச் சுற்றி சவ்வுக்கே வந்து நிற்கும். எதை எதோடு சேரவிடாமல் வைப்பது என்பதில்தான் செல்லின் பிழைப்பே இருக்கிறது என்பது என் கட்சி.

முழு வெங்காயத்தைக் கையில் எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. நறுக்கினால்தான் கண் எரிகிறது. அந்தக் காரம் உள்ளே அடைபட்டுக் கிடக்கிறதா டீச்சர்?

அடைபட்டு இல்லை. நறுக்கும்வரை அது அங்கே இல்லவே இல்லை.

வெங்காயச் செல்லின் நடுவில் நீர் நிறைந்த பெரிய பை ஒன்று உண்டு. வாக்குவோல் என்று படித்திருப்பீர்கள். செல்லில் பெரும்பங்கு இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். அல்லினேஸ் என்ற நொதி அந்தப் பைக்குள் இருக்கிறது. கந்தகம் சேர்ந்த மூலப்பொருள் பைக்கு வெளியே, செல்லை நிரப்பியிருக்கும் கூழான சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சவ்வுதான். ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அதைவிடவும் மெல்லியது. அது இருக்கும்வரை இரண்டும் சந்திக்காது.

கத்தி பட்டதும் பை கிழிகிறது, நொதி மூலப்பொருளைப் பிடித்துக்கொள்கிறது. அதிலிருந்து வருவதை இன்னொரு நொதி மாற்றி, கண்ணை எரிக்கும் ஆவியாக்குகிறது. இந்த இரண்டாவது நொதி ஒன்று இருப்பதே 2002-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதுவரை அல்லினேஸ் ஒன்றே போதும் என்று நினைத்திருந்தார்கள்.

மொண்ணைக் கத்தி செல்களை நசுக்கும், அதனால் அழுகை அதிகம். பிரிட்ஜில் வைத்த வெங்காயத்தில் நொதி மந்தமாகிவிடும், அழுகை குறையும். முழுசாக வேகவைத்த வெங்காயத்தை எப்படி நறுக்கினாலும் கண் கலங்காது, ஏனென்றால் நொதி ஏற்கெனவே வெந்துபோயிருக்கும்.

வாழைக்காய் கறுத்துப்போவதும் இதே கதைதானா? அம்மா மோர்த் தண்ணீரில் போடச் சொல்வார்.

அதே கதைதான், ஆட்கள் வேறு. வாக்குவோலுக்குள் துவர்ப்புப் பொருள்கள், கணிகங்கள் என்ற வேறு சிறு உறுப்புகளுக்குள் அவற்றைக் கறுப்பாக்கும் நொதி. நறுக்கினால் இரண்டும் சேரும். கூடவே காற்றில் உள்ள ஆக்சிஜனும் வேண்டும். தண்ணீர் காற்றைத் தடுக்கிறது, மோரின் புளிப்பு நொதியை முடக்குகிறது. அம்மா சொன்னது முழுக்கச் சரி.

பீட்ரூட்டை நறுக்கிக் கழுவினால் கொஞ்சம்தான் சாயம் போகிறது. வேகவைத்தால் தண்ணீரெல்லாம் சிவப்பு. ஏன்?

சாயம் வாக்குவோலுக்குள் இருக்கிறது. கழுவும்போது, கத்தியில் அறுபட்ட செல்களின் சாயம் மட்டும் வெளியே வரும். சூடு 60 டிகிரியைத் தாண்டிப் போகப்போக சவ்வுகள் குலைந்து, அறுபடாத செல்களும் விட்டுக்கொடுத்துவிடும். ஐந்து டம்ளரில் வெவ்வேறு சூட்டில் தண்ணீர் எடுத்து, ஒரே அளவு பீட்ரூட் துண்டைப் போட்டுப் பாருங்கள். சவ்வு எந்தச் சூட்டில் தோற்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

நீட்டுக்குப் படிக்கிறேன் மேடம். "மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்" என்று மனப்பாடம் செய்துவிட்டேன். உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

தம்பி, அந்த ஒற்றை வரிதான் பிள்ளைகளை யோசிக்கவிடாமல் செய்கிறது. அதை ஓரமாக வை.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வு. உள்சவ்வு மடிப்பு மடிப்பாக இருக்கும். நாம் சாப்பிட்ட சோற்றிலிருந்து எடுத்த எலக்ட்ரான்கள் அந்தச் சவ்வில் உள்ள புரதங்களில் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேரும். நாம் மூச்சு விடுவதே பெரும்பாலும் இதற்காகத்தான். இப்படிக் கைமாறும்போது கிடைக்கிற ஆற்றலை வைத்து, ஹைட்ரஜன் அயனிகளை உள்ளிருந்து இரு சவ்வுகளுக்கும் நடுவே உள்ள இடத்துக்குத் தள்ளுகிறது செல். அந்தப் பக்கம் கூட்டம் சேருகிறது. மேட்டூரில் நீரைத் தேக்கிவைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்.

தேக்கிய நீருக்கு ஒரே வழிதான் உண்டு. செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறுதான் ஏ.டி.பி. அதைச் செய்யும் ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற புரதம் அந்தச் சவ்வில் பதிந்திருக்கிறது. அயனிகள் அதன் வழியாகத் திரும்பி வரும்போது, அது நிஜமாகவே சுழலும். உவமைக்காகச் சொல்லவில்லை, அதற்கு அச்சு உண்டு, சுற்றும் பாகம் உண்டு. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. மூலக்கூறுகள் கிடைக்கும். நம் உடம்பில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏ.டி.பி. கால் கிலோகூடத் தேறாது. ஆனால் ஒரு நாளில் உருவாகி உடைவதைக் கூட்டினால் கிட்டத்தட்ட நம் எடை வரும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார். உள்சவ்வின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு சுமார் 150 மில்லிவோல்ட். அற்பமாகத் தெரிகிறதா? சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். வகுத்தால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட். காற்றில் பொறி பறக்க 30 லட்சமே போதும்.

பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் இதை 1961-ல் சொன்னபோது பலர் நம்பவில்லை. ஏ.டி.பி.க்கு முந்தைய ஏதோ ஒரு வேதிப்பொருள் இருக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்கள். 1978-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. சவ்வில் ஓட்டை விழுந்தால் சோறு இருந்தாலும் ஆக்சிஜன் இருந்தாலும் ஏ.டி.பி. வராது, தேக்கம் உடைந்துபோகும்.

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கிறேன் டீச்சர். எங்கட புத்தகத்தில் கலம், இழைமணி, பச்சையவுருமணி, புன்வெற்றிடம் என்றுதான் இருக்கு. நீங்கள் எழுதுறது வேறயா?

எல்லாம் ஒன்றுதான் பிள்ளை. கலம்தான் எங்கள் செல், இழைமணிதான் மைட்டோகாண்ட்ரியா. பச்சையவுருமணியை நாங்கள் பசுங்கணிகம் என்போம், புன்வெற்றிடம்தான் நான் மேலே சொன்ன வாக்குவோல். உண்மையைச் சொன்னால் எனக்கு உங்கள் சொற்கள்மேல் கொஞ்சம் பொறாமை. "மைட்டோகாண்ட்ரியா" என்ற பெயரே கிரேக்கத்தில் இழையையும் மணியையும் குறிக்கும் இரண்டு சொற்களிலிருந்து வந்ததுதான். நீங்கள் அதை அப்படியே தமிழில் சொல்கிறீர்கள், நாங்கள் கிரேக்கத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறோம்.

மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டும் வருகிறதாமே? அப்படியானால் என் பையனுக்கு வந்தது என்னுடையது, என் மாமியாருடையது இல்லைதானே?

கேள்வியில் ஏதோ பழைய கணக்கு தெரிகிறது! ஆமாம், உங்களுடையதுதான். உங்கள் அம்மா, அவருடைய அம்மா என்று போகிற வரிசை. விந்தணுவிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. ஆனால் கருமுட்டைக்குள் போனபின் அவை அழிக்கப்பட்டுவிடும். ரொம்பவும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் இருப்பவை 37 மரபணுக்கள்தான். உட்கருவில் புரதம் செய்யும் மரபணுக்களே சுமார் 20,000, அவை இரண்டு பக்கத்திலிருந்தும் வருகின்றன. உங்கள் கணவருடைய மைட்டோகாண்ட்ரியா மாமியாருடையதுதான், அதையும் நினைவில் வையுங்கள்.

அதற்கு ஏன் தனி டி.என்.ஏ. என்று இன்னும் நாலு பேர் கேட்டிருந்தார்கள். அது ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா. இன்னொரு செல் அதை உள்ளே எடுத்துக்கொண்டது, செரித்துவிடவில்லை. இந்தப் பழைய யோசனைக்கு 1967-ல் அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் புது உயிர் கொடுத்தார். இரட்டைச் சவ்வும் வட்டமான டி.என்.ஏ.வும் அந்தப் பழைய பிறவியின் அடையாளங்கள்.

லைசோசோமுக்கு "தற்கொலைப் பை" என்று பெயர் இருக்கிறதே, செல் தன்னைத் தானே கொன்றுகொள்ளுமா?

கொன்றுகொள்ளும், ஆனால் திட்டமிட்டு நடக்கும் அந்தச் சாவுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், காஸ்பேஸ் என்ற நொதிகள். லைசோசோமின் அன்றாட வேலை செரிப்பதும், கிழிந்துபோன பாகங்களை உடைத்து மறுபடி பயன்படுத்துவதும். குப்பை பொறுக்குகிற உழைப்பாளிக்கு யமன் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

அது கண்டுபிடிக்கப்பட்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெல்ஜியத்தில் கிறிஸ்டியன் டி டுவ் எலியின் கல்லீரலை அரைத்து நொதிகளை அளந்துகொண்டிருந்தார். ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற நொதி எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் காட்டியது. அளவில் தவறு என்று நினைத்து, அதே கலவையை பிரிட்ஜில் வைத்துவிட்டு ஐந்து நாள் கழித்து அளந்தால், நொதியின் வேலை எகிறிவிட்டது! வைத்திருந்த மாவு புளித்துப் பொங்குவது போலப் புதிதாக ஏதோ உருவாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். நொதி கூடவில்லை. முதல் நாள் அது சவ்வுப் பைகளுக்குள் பூட்டிக் கிடந்தது, ஐந்து நாளில் பைகள் கசிந்துவிட்டன. 1955-ல் அந்தப் பைகளுக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார். அளவு சரியில்லை என்று அன்றைக்கே கலவையைக் கொட்டியிருந்தால்?

நீங்கள் எல்லாவற்றுக்கும் சவ்வு சவ்வு என்கிறீர்கள். ரைபோசோமுக்குச் சவ்வே இல்லையே மேடம்? அதில்தானே நம்ம சிதம்பரத்துக்காரர் நோபல் வாங்கினார்?

மாட்டிக்கொண்டேன். ரைபோசோமுக்குச் சவ்வு கிடையாது. அது ஆர்.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த ஒரு பொறி. உட்கருவிலிருந்து வரும் செய்தியைப் படித்து, அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்துப் புரதம் செய்கிறது. இரண்டு துண்டுகளாக இருக்கும். 1952-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிறிய துண்டின் அமைப்பை அணு அணுவாகத் தெரியும் அளவுக்கு வரைபடமாக்கினார். 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் இருவரோடு சேர்த்து அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

இதில் நமக்கு என்ன? நாம் விழுங்குகிற டெட்ராசைக்ளின் மாத்திரை போய் ஒட்டிக்கொள்வது பாக்டீரியாவின் அந்தச் சிறிய துண்டில்தான். நம் ரைபோசோமின் அமைப்பு வேறு என்பதால் நமக்குப் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் நம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் ரைபோசோம்கள் பாக்டீரியா சாயலில் இருக்கும், பழைய பிறவி இல்லையா. சில ஆன்டிபயாட்டிக்குகளின் பக்கவிளைவுக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பாவுக்கு ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். பாட்டிலில் 0.9 சதவீதம் உப்பு என்று போட்டிருந்தது. வெறும் சுத்தமான தண்ணீர் ஏற்றினால் என்ன?

ஏற்றவே கூடாது. சிவப்பணுவுக்குள் உப்பும் புரதமும் கரைந்திருக்கின்றன. வெளியே வெறும் தண்ணீராக இருந்தால் அது சவ்வு வழியே உள்ளே பாயும், செல் உப்பி வெடிக்கும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு போட்டால் உள்ளேயும் வெளியேயும் சரிக்குச் சரி. உப்பு மிகவும் அதிகமானால் செல் சுருங்கும், உப்பில் போட்ட மாவடு சுருங்குகிற மாதிரி. செடியின் செல்லுக்குச் சுவர் இருப்பதால் அது வெடிப்பதில்லை, விறைத்து நிற்கும். வாடிய கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்தால் நிமிர்கிறதே, அதுதான்.

பள்ளி லேபில் ரியோ என்ற அழகுச் செடியின் இலையிலிருந்து ஊதாத் தோலை உரித்து உப்புத் தண்ணீரில் வைத்துக் காட்டுவேன். சில நிமிஷத்தில் ஊதா நிறம் நாலு சுவரிலிருந்தும் விலகி நடுவில் உருண்டையாகத் திரளும். நல்ல தண்ணீர் விட்டால் மெல்லத் திரும்பிப் போய்ச் சுவரைத் தொடும். ஒரு வருஷம் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன். எவ்வளவு தண்ணீர் விட்டும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. "செத்துப்போச்சா மிஸ்?" என்று முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல். செத்துத்தான் போயிருந்தன.

சிவப்பணுவில் உட்கருவே இல்லையாம். அப்புறம் அது எப்படி செல்?

பிறக்கும்போது இருந்தது. எலும்பு மஜ்ஜையில் வளரும்போதே வெளியே தள்ளிவிடுகிறது. ஹீமோகுளோபினுக்கு இடம் கிடைக்கிறது, நுண்ணிய ரத்தக்குழாயில் வளைந்து நுழையவும் வசதி. மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. உடம்புக்கே ஆக்சிஜன் சுமக்கிற செல் தனக்கென்று அதில் கை வைப்பதில்லை. இப்படிச் சுமார் 120 நாள் ஓடிவிட்டு முடிந்துபோகும். இது பாலூட்டிகளின் வழக்கம். கோழியின் சிவப்பணுவில் உட்கரு உண்டு.

முட்டை ஒரே செல்லா?

மஞ்சள் கரு மட்டும். வெள்ளையும் ஓடும் பொதி கட்டுகிற சமாச்சாரம்.

"செல்களைப் புதுப்பிக்கும் தண்ணீர்" என்று ஒரு மெஷினை ஒரு லட்சத்துக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். எந்தத் தண்ணீரும் முதலில் போய் விழுவது வயிற்று அமிலத்தில்.

ஆறாம் வகுப்புப் பையனுக்கு வீட்டிலேயே செல்லைக் காட்ட முடியுமா டீச்சர்?

தாராளமாக. மனு பிரகாஷ் குழுவினர் செய்த ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி போதும். வெங்காயச் செதில் ஒன்றை எடுத்து உட்பக்கமாக ஒடித்தால் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு தோல் உரிந்து வரும். ஒற்றை அடுக்கு செல்கள் அவை. நகத்தளவு எடுத்து, மடியாமல் ஒரு சொட்டுத் தண்ணீரில் விரித்து, ஒரு துளி டிங்ச்சர் அயோடின் விடுங்கள். செங்கல் சுவர் மாதிரி வரிசையும், ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒதுங்கிய மஞ்சள் பொட்டும் தெரியும். அந்தப் பொட்டுதான் உட்கரு. நடுவில் ஒன்றுமில்லாதது போலத் தெரியும் இடம் வாக்குவோல், அதனால்தான் உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

மூடும் கண்ணாடியைச் சாய்த்து மெதுவாக இறக்குங்கள், இல்லாவிட்டால் காற்று மாட்டிக்கொள்ளும். கன்னங்கரேலென்று தடித்த விளிம்போடு அழகான வட்டமாக ஒன்று தெரிந்து, பையன் "செல் கிடைச்சிருச்சு!" என்று குதித்தால், அது காற்றுக்குமிழி. என் மாணவர்களில் பாதிப் பேர் அதைத்தான் ரெக்கார்டு நோட்டில் வரைந்து பாகங்களும் குறித்திருந்தார்கள்.